அடுப்பைத் தாண்டி வரும் பலகை

வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்குள் இருக்கும் மின்னணுப் பலகை 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாகலாம். எஞ்சினை ஒட்டி இருப்பது 125 டிகிரியைக்கூடப் பார்த்துவிடும். ஆனாலும் அந்தப் பலகையின் ஆயுளிலேயே மிகக் கடுமையான சூடு காரில் நேர்வதில்லை. சிப்புகளையும் மற்ற உறுப்புகளையும் பற்றவைக்கும் தொழிற்சாலை அடுப்பில், வண்டியில் ஏறுவதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடுகிறது. 245 முதல் 260 டிகிரி. பலகையின் இருபுறமும் உறுப்புகள் என்றால் இரண்டு முறை. ஏதாவது ஒரு சிப்பைக் கழற்றி மாற்ற நேர்ந்தால் மூன்றாவது, நான்காவது முறையும் உண்டு.

பிசிபி எனப்படும் இந்தப் பலகையைச் செய்ய எந்த மூலத்தகட்டை வாங்குவது என்று முடிவு செய்பவர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது அந்தச் சில நிமிடங்களை. பலர் நினைப்பதில்லை. வரைபடத்தின் ஓரத்தில் ‘எஃப்ஆர்-4’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த எழுத்துகளுக்குள் என்னதான் இருக்கிறது? பலகையின் பச்சை நிறம் மேற்பூச்சுக்கு உரியது. அதைச் சுரண்டினால் வெளிர்மஞ்சளாக, வெளிச்சத்தை மங்கலாகக் கடத்தும் ஒரு தகடு தெரியும். அடிப்படையில் அது துணி. கண்ணாடியை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக இழுத்து, நூலாக்கி, பாவும் ஊடையுமாகத் தறியில் நெய்கிறார்கள். நெய்த துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்து, முழுக்க இறுகிவிடாமல் அரைப்பதத்தில் உலர்த்துகிறார்கள். இந்த அரைப்பதத் தாளுக்கு ப்ரீப்ரெக் என்று பெயர். 7628 என்ற எண் கொண்ட தடித்த துணியில் செய்த தாள்கள் எட்டை அடுக்கி, மேலும் கீழும் 35 மைக்ரான் செம்புத் தாளை வைத்து, சூட்டோடு அழுத்தினால் நமக்குப் பழக்கமான 1.6 மி.மீ. தகடு கிடைக்கிறது. அதுதான் லேமினேட்.

சென்னை ரிச்சி தெருவில் வெற்றுப் பலகை வாங்கிப் பழகியவர்களுக்கு இதன் இன்னொரு உறவுக்காரரும் தெரிந்திருக்கும்: பழுப்பு நிற ‘பேக்லைட்’ போர்டு. அதில் கண்ணாடித் துணிக்குப் பதில் காகிதம். எபாக்சிக்குப் பதில், லியோ பேக்லண்ட் 1907-ல் உருவாக்கிய வழியில் வந்த ஃபீனாலிக் பிசின். துளைகளை ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டியதில்லை. அச்சு வைத்து ஒரே அடியில் குத்திவிடலாம். டிவி ரிமோட்டைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ரிமோட்டுக்கு இது தாராளம்.

எஃப்ஆர்-4 என்பது அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான நெமா வைத்த தர அடையாளம். இதற்கு முன்னோடி ஜி-10. கண்ணாடித் துணியும் எபாக்சியும் அதிலும் உண்டு; தீயைத் தடுக்கும் சரக்கு மட்டும் இல்லை. இன்றும் கத்திப் பிடிகளில் ஜி-10 உயிரோடிருக்கிறது. அதன் பிசினில் புரோமினை வேதிப்பிணைப்பாகவே சேர்த்தபோது எஃப்ஆர்-4 பிறந்தது. நெருப்பைக் காட்டி எடுத்தால் பத்து வினாடிக்குள் தானே அணைய வேண்டும் என்பது இதற்கான வழக்கமான சோதனை. ஆக, எஃப்ஆர்-4 என்று எழுதினால் இரண்டு உத்தரவாதங்கள் கிடைக்கும்: கண்ணாடித் துணி-எபாக்சி, தீப்பிடித்தால் அணையும். எத்தனை டிகிரி தாங்கும், எவ்வளவு ஈரம் குடிக்கும், சமிக்ஞையை எவ்வளவு விழுங்கும் என்பதெல்லாம் அந்தப் பெயரில் இல்லை.

இந்த இடைவெளி நெடுங்காலம் யாரையும் உறுத்தவில்லை. உறுத்தத் தொடங்கியது 2006 ஜூலை 1 அன்று. மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைத் தடைசெய்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பற்றவைக்கப் பயன்பட்ட வெள்ளீயம்-காரீயக் கலவை 183 டிகிரியில் உருகிவிடும். மாற்றாக வந்தது வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் கலந்தது. அது உருகவே 217 டிகிரி வேண்டும். 220 டிகிரி அளவில் இருந்த அடுப்பின் உச்சம் 250-ஐத் தாண்டியது. சட்டம் பேசியது பற்றாசைப் பற்றி. அடி விழுந்தது பலகைக்கு.

எபாக்சிக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடிபோல் விறைப்பாக இருக்கும். மேலே போனால் ரப்பர்போல் தளரும். துறையில் இதை டிஜி என்கிறார்கள். சாதாரண எஃப்ஆர்-4-க்கு இது 135 டிகிரியை ஒட்டி. உயர்தர வகைகளுக்கு 170-க்கு மேல். அதைத் தாண்டியதும் உருகிவிடாது. ஆனால் வீங்கும். அகலத்திலும் நீளத்திலும் கண்ணாடி நூல் பிடித்துக்கொள்வதால், பிசின் போக வழியிருக்கும் ஒரே திசை தடிமன். அறை வெப்பத்திலிருந்து 260 டிகிரிக்குப் போகும்போது சாதாரண எஃப்ஆர்-4 தடிமனில் சுமார் 4 விழுக்காடு விரியும். அதாவது 1.6 மி.மீ. தகடு ஏறத்தாழ 64 மைக்ரான் உயர்கிறது. பலகையின் மேலடுக்கையும் கீழடுக்கையும் இணைக்கும் துளைகளுக்குள் செம்பு பூசியிருக்கிறார்கள் அல்லவா? அந்தச் செம்புக் குழாய் அதே சூட்டில் தானாக நீளக்கூடியது 6 மைக்ரான் அளவுதான். அதன் சுவரோ 25 மைக்ரான் தடிமன். பிசின் மேலும் கீழும் இழுக்க, குழாய் நடுவில் கிழிகிறது. அல்லது கிழியாமல், கிழிவதற்கான தொடக்கத்தோடு வெளியே வருகிறது. இந்த இரண்டாவதுதான் தொல்லை. ஆலையின் சோதனை மேசையில் பலகை ஒழுங்காக வேலை செய்யும். இரண்டு கோடை கழித்து நின்றுபோகும்.

‘அப்படியானால் டிஜி உயர்ந்த பலகையை வாங்கினால் போயிற்று’ என்று பலரும் நினைத்தார்கள். இங்கேதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண் வருகிறது. அன்றைய உயர் டிஜி பலகைகளில் பலவற்றின் எபாக்சியை இறுக வைத்தது டைசியான்டையமைடு, சுருக்கமாக டைசி என்ற வேதிப்பொருள். நல்ல ஒட்டும் திறன், எளிதாகத் துளையிடலாம், விலையும் குறைவு. ஆனால் டைசியால் இறுகிய பிசின் 300 டிகிரியை ஒட்டியே சிதையத் தொடங்கிவிடும். சிதைவு என்பது சுவிட்சைத் தட்டியதுபோல் ஒரு புள்ளியில் நடப்பதில்லை. பிசின் 5 விழுக்காடு எடையை இழக்கும் வெப்பநிலையைத்தான் சிதைவு வெப்பநிலை என்று தரத்தாளில் போடுகிறார்கள். ஒன்றிரண்டு விழுக்காடு அதற்கு முன்பே போய்விடுகிறது. 260 டிகிரி அடுப்பில் மூன்று முறை போய்வந்தால் அதுவே போதும், அடுக்குகள் பிரிய. டிஜி 170 என்று பெருமையாக எழுதிய டைசி பலகை கொப்புளித்தது. ஃபீனாலிக் வகைப் பொருளால் இறுகச் செய்த டிஜி 150 பலகை சேதமில்லாமல் வந்தது. பிந்தையதன் சிதைவு வெப்பநிலை 330 டிகிரிக்கு மேல். தரத்தாளில் எல்லாரும் முதலில் பார்க்கும் எண் ஒன்று. பலகையைக் காப்பாற்றிய எண் வேறொன்று.

ஃபீனாலிக் பக்கம் சாய்ந்ததற்கும் விலை உண்டு. இந்தப் பிசின் விறைப்பானது, நொறுங்கும் தன்மை கூடியது. துளையிடும் ஊசிகள் சீக்கிரம் மழுங்கும். செம்பு அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. சாதனம் கீழே விழுந்தால் பெரிய சிப்புகளின் அடியில், பற்றவைப்பு உடையாமல், அதற்குக் கீழுள்ள பிசின் கிண்ணம்போல் பெயர்ந்து வரும். அடுப்பில் தப்பியது தரையில் மாட்டிக்கொள்கிறது.

அடுப்பில் பலகை பிளக்க இன்னொரு காரணம் ஈரம். எபாக்சி காற்றிலுள்ள ஈரத்தை மெல்லக் குடிக்கும். உறையைப் பிரித்து மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அலமாரியில் போட்டுவைத்த பலகையை நேராக அடுப்பில் விட்டால், உள்ளே இருக்கும் நீர் நொடியில் ஆவியாகி அடுக்குகளை உப்பவைக்கும். எண்ணெயில் பூரி எழும்புவதும் இதே இயற்பியல்தான். அதனால்தான் பற்றவைப்பதற்கு முன் நூறு டிகிரிக்கு மேல் சில மணி நேரம் பலகையைச் சுட்டு ஈரத்தை விரட்டும் வழக்கம் இருக்கிறது. கடலோர ஊர்களில் ஆலை நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஈரத்தின் மெதுவான வேலை இன்னும் நுட்பமானது. கண்ணாடி நூலுக்கும் பிசினுக்கும் இடையிலான ஒட்டு எங்கேனும் விட்டிருந்தால், அந்த நுண்ணிய வாய்க்காலில் ஈரம் புகும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையே மின்னழுத்தமும் இருந்தால், செம்பு உப்பாக மாறி நூலின் வழியே ஒரு துளையிலிருந்து அடுத்ததை நோக்கி இழைபோல் வளரும். போய்ச் சேர்ந்ததும் குறுக்குச் சுற்று. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் இதைக் கண்டறிந்தார்கள். பழுதைத் தேடுபவருக்கு எரிச்சலூட்டும் விஷயம், குறுக்குச் சுற்று நேரும்போதே அந்த இழை எரிந்துபோய்விடலாம் என்பது. தடயம் மிஞ்சாது. இதற்கு மருந்து நெசவிலேயே இருக்கிறது. வளர்ச்சி நூலைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. ஆகவே துளைகளைப் பாவு, ஊடைக்கு நேராக வரிசையாக வைக்காமல் மூலைவாட்டில் தள்ளிவைத்தால் ஆபத்து குறைகிறது.

சமிக்ஞை வேகமெடுத்தால் கவலையே மாறிவிடும். வெற்றிடத்தில் ஒரு நானோவினாடியில் 30 செ.மீ. ஓடும் மின்காந்த அலை, எஃப்ஆர்-4 பலகையில் அதில் பாதிதான் ஓடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பலகை அலையின் ஆற்றலைக் குடித்துவிடுவதுதான் சிக்கல். 10 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞை சாதாரண எஃப்ஆர்-4-ல் 10 செ.மீ. போவதற்குள் பாதிக்கு மேல் வெப்பமாகத் தீர்ந்துவிடும். வைஃபை ஆன்டெனாவை அதே பலகையில் அச்சிடுகிறார்களே என்றால், அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ், தூரமும் ஓரிரு செ.மீ.தான். முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் கார் ரேடாருக்கு 77 கிகாஹெர்ட்ஸ். அங்கே எஃப்ஆர்-4 ஒவ்வொரு செ.மீ.க்கும் ஏறக்குறைய பாதியை விழுங்கும். அதனால் டெஃப்லான் என்று நாம் அறிந்த பிடிஎஃப்இ அடிப்படையிலான தகடுகளுக்குப் போகிறார்கள். 1938-ல் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட இந்தப் பொருளில் செராமிக் தூள் கலந்து செய்யும் தகட்டில் இழப்பு இருபதில் ஒரு பங்காகக் குறையும். விலையோ பல மடங்கு. எனவே மேலடுக்கை மட்டும் அதில் செய்து, கீழே எஃப்ஆர்-4-ஐயே வைப்பதுண்டு. பிடிஎஃப்இ-க்கு ஒரு விசித்திரக் குணமும் உண்டு: 19 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறும், கூடவே மின்பண்பும் சற்று நகரும். ஏசி ஓடும் ஆய்வகத்தில் இசைவித்த கருவி வெளியே வந்ததும் பிசகுவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

சர்வர் கணினிகளில் நெசவே குறுக்கே வந்து நிற்கிறது. ஒரே தரவைச் சுமக்கும் இணைக்கம்பிகளில் ஒன்று கண்ணாடி நூலுக்கு மேலும் மற்றது இரண்டு நூல்களுக்கு இடையே உள்ள பிசினுக்கு மேலும் ஓடினால், இரண்டும் ஒரே நேரத்தில் போய்ச்சேராது. கண்ணாடியில் அலை மெதுவாகவும் பிசினில் வேகமாகவும் போகும். 1080 எண் துணியில் நூல்களுக்கு இடையிலான தூரம் அரை மி.மீ. அளவுதான், ஆனாலும் பில்லியன் கணக்கில் பிட்டுகள் ஓடும் கம்பிக்கு இது பெரிய வேறுபாடு. நூலைத் தட்டையாக விரித்து இடைவெளியை மூடிய துணி ஒரு தீர்வு. அதற்குக் காசில்லாதவர்கள் கம்பிகளை, அல்லது முழு வடிவமைப்பையே, நெசவுக்குப் பத்து டிகிரி சாய்த்துப் போட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, மலிவானது என்று ஒதுக்கப்படும் பழுப்புக் காகிதப் பலகை ஒரு இடத்தில் முந்துகிறது. உயர் மின்னழுத்தம், தூசி, உப்புக்காற்று மூன்றும் சேர்ந்தால் பலகையின் மேற்பரப்பில் பொறி ஓடி, கரித்தடம் விழுந்து, அந்தத் தடமே மின்பாதையாகிவிடும். இதை அளக்க, பலகையில் 4 மி.மீ. இடைவெளியில் இரு மின்வாய்களை வைத்து, நடுவே அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக 50 சொட்டு விடுகிறார்கள். கரித்தடம் விழாமல் எத்தனை வோல்ட் தாங்குகிறது என்பதே அளவு. சாதாரண எஃப்ஆர்-4 பலவும் 175 முதல் 250 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். காகித அடிப்படையிலான மலிவான வகைகளில் 600 தாங்குபவை எளிதாகக் கிடைக்கின்றன. பவர் சப்ளைகளுக்குள் அந்தப் பழைய பலகை இன்னும் உட்கார்ந்திருப்பதற்கு விலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எல்இடி விளக்குகளில் கணக்கு எளிது: சூடு வெளியேற வேண்டும். எஃப்ஆர்-4 வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சோம்பேறி. ஆகவே அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய மின்காப்புப் படலம், அதன்மேல் செம்பு.

திரும்ப வரைபடத்தின் ஓரத்துக்கே வருவோம். ‘எஃப்ஆர்-4 அல்லது இணையானது’ என்று எழுதினால் ஆலை கையிருப்பில் உள்ளதைப் போடும். அதில் அவர்கள் தவறும் இல்லை. ஐபிசி-4101 என்ற தரநிலையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தாள் எண் உண்டு. 21-ம் எண்ணும் எஃப்ஆர்-4 குடும்பம்தான்; அது கேட்பது குறைந்தது 110 டிகிரி டிஜி. 126-ம் எண்ணும் அதே குடும்பம். அது 170 டிகிரி டிஜி, 340 டிகிரி சிதைவு வெப்பநிலை, தடிமனில் 3 விழுக்காட்டுக்கு மிகாத விரிவு, 288 டிகிரியில் பிரியாமல் 15 நிமிடம் என்று நான்கையும் சேர்த்துக் கேட்கிறது. எண்ணை எழுதியதோடு நிற்காமல் ஆலையிடம் சோதனைத் துண்டையும் கேட்டு வாங்கலாம். பெரிய தகட்டின் ஓரத்தில், அதே துளைகளோடு, இதற்கென்றே ஒரு துண்டை விட்டிருப்பார்கள். அதை 288 டிகிரி உருகிய பற்றாசில் 10 வினாடி மிதக்கவிட்டு, துளையின் குறுக்கே அறுத்து, தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் படம் எடுத்து அனுப்புவார்கள். துளைச் சுவரின் செம்பில் விரிசல் இருக்கிறதா, அடுக்குகள் விலகியிருக்கின்றனவா என்று அந்தப் படத்திலேயே பார்த்துவிடலாம். சிப்புகளுக்குக் காசு செலவழிப்பதற்கு முன்பாக.