போர்டுக்கு மேல் ஒரு கேமரா (வடசென்னை ஆடுகளங்கள் – 9)

போன வாரம் பாக்ஸிங்கோடு நிறுத்தியிருந்தோம். 1980-ல் முகமது அலி வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அந்த நேரு ஸ்டேடியம் புளியந்தோப்பிலிருந்து சூளையைத் தாண்டினால் வந்துவிடும். அது கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்தபோது, 1956 ஜனவரியில், நியூசிலாந்தை எதிர்த்து வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். 2008 வரை அந்த உலக சாதனையை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. மெட்ராஸுக்கு தூர்தர்ஷன் வந்ததே 1975-ல்தான். டிக்கெட் கிடைக்காதவர்களுக்கு அந்த 413 ரேடியோவில் கேட்ட கணக்கு, அவ்வளவே.

டெஸ்ட் மேட்ச் 1967-ல் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. நேரு ஸ்டேடியத்தை 1993-ல் புதிதாகக் கட்டினார்கள். 2014-ல் ஐ.எஸ்.எல். வந்து, அது சென்னையின் எஃப்.சி.யின் மைதானமானது. வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் அந்த அணிக்கு ஆடினார். ஃபுட்பால் பிழைத்துக்கொண்டது என்றே சொல்வேன்: பக்கத்தில் மைதானம், மைதானத்தில் கேமரா.

கேரத்துக்கு இரண்டுமே இல்லை. இத்தனைக்கும் வடசென்னை உலக சாம்பியன்களையே கொடுத்த ஆட்டம் அது. வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். ஏர்போர்ட்டில் மாலை போட்டதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த ஃபைனலைப் பார்த்தேன் என்று சொல்லும் ஒருவரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை.

கேரம் கிளப் என்றால் என்ன? ஷீட் போட்ட ஒரு அறை. தகர மூடி போட்ட பல்பு, போர்டுக்கு ஒன்றரை அடி மேலே தொங்கும். பவுடர் தூவியதும் வெளிச்சத்தில் வெள்ளையாகப் புகையும். நாலு பேர் ஆட, பத்துப் பேர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அதற்குப் பின்னால் நிற்பவனுக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் பிடரிதான். ஒருவன் ஒயிட் ஸ்லாம் அடித்தால், அதாவது எதிராளிக்குக் கையே கொடுக்காமல் ஒரே மூச்சில் போர்டை முடித்தால், சத்தத்தை வைத்துத்தான் வெளியே இருப்பவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்ன ஆட்டம், டிவிக்கு எடுபடாது என்பார்கள். ஸ்னூக்கரையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1969-ல் பிபிசி, கலர் டிவியைக் காட்டுவதற்கென்றே 'பாட் பிளாக்' என்று ஒரு ஸ்னூக்கர் நிகழ்ச்சி தொடங்கியது. ஆட்டத்தின் தலையெழுத்தே மாறிப்போனது. கேரத்துக்கு அந்த அளவு செலவும் கிடையாது. ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். கறுப்பு, வெள்ளை, ஒரு சிவப்பு. பல்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கேமரா தொங்கினால் போதும். கேம் 25 பாயின்ட் அல்லது 8 போர்டில் முடிந்துவிடும்; விளம்பரத்துக்கும் இடைவெளி உண்டு.

சிங்கப்பூர் நம் ஒரு மாவட்டம் அளவு ஊர். 2014-ல் 55,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைத் திறந்து மூடும் கூரை போட்டுக் கட்டினார்கள். அதே ஊரில் உலகக் கோப்பை ஃபுட்பாலைச் சமூக மன்றங்களில் பெரிய திரை கட்டி இலவசமாகவும் காட்டுகிறார்கள். நமக்குக் கூரை ஸ்டேடியம் வேண்டாம். மாநகராட்சி சமூகநலக் கூடம் ஒன்றில் நாலு போர்டு, நாலு வரிசை பெஞ்சு, சுவரில் ஒரு திரை போதும். தமிழில் வர்ணனை சொல்ல ஆள் தேட வேண்டியதே இல்லை. ஒவ்வொரு கிளப்பிலும் ஸ்ட்ரைக்கரைத் தொடாமல் வாயாலேயே ஆடுகிறவர் இரண்டு பேராவது உண்டு.

(அடுத்த வாரம்: ராயபுரம்)