அபாயம் 'குறைவு' என்று சொன்ன மென்பொருள்

2022 ஜூலை 8 அதிகாலை. கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் தன் நெட்வொர்க்கின் மையப் பகுதியை மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஏழு கட்ட வேலையில் அது ஆறாவது கட்டம். ரூட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். மதகு திறந்ததுபோல் வழித்தகவல்கள் மைய ரூட்டர்களின்மேல் கொட்டின. தாங்காமல் அவை விழுந்தன. 1.2 கோடிப் பேருக்குமேல் தொலைபேசியோ இணையமோ இல்லை. கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க முடியாமல் பலர் தவித்தார்கள். பழுதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் உள்ளே நுழைய வேண்டிய வழியும் அதே மையத்தின் வழியாகத்தான் போனது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்ட கதை. அவர்கள் கையில் இருந்த செல்பேசியும் ரோஜர்ஸ்தான்! காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது.

பின்னர் வெளிவந்த ஆய்வறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தொடக்கத்தில் இந்த மாற்றங்களின் அபாயம் 'அதிகம்' என்றுதான் குறிக்கப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் சிக்கலின்றி முடிந்ததால், அபாயத்தைக் கணிக்கும் மென்பொருள் அதை 'குறைவு' என்று இறக்கிவிட்டது. அதனால் கூடுதல் ஆய்வும் மேலதிகாரிகளின் ஒப்புதலும் தேவைப்படாமல் போயின. நேற்று மழை பெய்யவில்லை, ஆகவே இன்றும் குடை வேண்டாம் என்கிற கணக்கு இது. இதுபோல் நெட்வொர்க்கைத் திட்டமிட்டு நிர்வகிக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது என்றால் பளபளப்பான திரையும் வேகமும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு மாற்றம் எதையெல்லாம் பாதிக்கும் என்பதை நெட்வொர்க்கின் மாதிரி ஒன்றில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத் தெரியாத மென்பொருள், எவ்வளவு வேகமாக இருந்தாலும் பழசுதான்.

அப்படியானால் இந்த முடிவுகளை மனிதரிடமே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவில் ஏடி&டி செல்பேசி நெட்வொர்க் 12 மணி நேரமாவது முடங்கியது; 9.2 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகள் தடைப்பட்டன. சக ஊழியர் யாரும் சரிபார்க்காமல், தவறான அமைப்புடன் ஒரு கருவியை இணைத்ததுதான் காரணம். இத்தனை பெரிய வலையை மனிதக் கண்ணால் மட்டும் காவல் காக்க முடியாது. இன்னொரு பக்கம், பழைய மென்பொருளே ஓடும்போது ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. 1970களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்துக்காக எழுதப்பட்ட டிர்க்ஸ் என்ற மென்பொருள், சர்க்யூட்டுகளின் கணக்கைப் பல பத்தாண்டுகள் சுமந்தது. பழைய நிரல் பழுதில்லாமல் ஓடலாம். ஆனால் களத்தில் கேபிளை மாற்றிவிட்டுப் பதிவேட்டில் திருத்தாமல் விட்ட இடங்களில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்தப் பிழைகளை அப்படியே புதிய மென்பொருளுக்கு ஏற்றினால், அது பொய்யை இன்னும் வேகமாகச் சொல்லும், அவ்வளவுதான். ஆகவே புதுப்பிக்கும் பணத்தில் கணிசமான பங்கு, பதிவையும் களத்தையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் சலிப்பான வேலைக்கே போக வேண்டும். விற்பனையாளர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

செலவு? நிர்வாகத்துக்கென்று தனி வழி அமைப்பது, சோதனைக்கூடம் வைப்பது எல்லாம் வருமானம் தராத செலவாகவே கணக்கில் தெரியும். ஆனால் 2022-இல் முடங்கிய அந்த ஒரு நாளுக்காக ரோஜர்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தந்த தொகை சுமார் 15 கோடி கனடா டாலர். செல்பேசி மையத்தையும் இணைய மையத்தையும் தனித்தனியே பிரிக்க, அதற்குப் பிறகு அது ஒதுக்குவதாக அறிவித்தது குறைந்தது 25 கோடி.