சொல்லியும் காதில் ஏறவில்லை!

விழுந்த விமானங்கள் இரண்டு. கற்றுத் தந்த பாடம் ஒன்று

மேலதிகாரி ஒரு தவறு செய்கிறார். அது உங்கள் கண்ணில் படுகிறது. என்ன செய்வீர்கள்?

"நமக்கு ஏன் வம்பு?" என்று சிலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். சிலர் பட்டும் படாமலும் சொல்லிப் பார்ப்பார்கள். இன்னும் சிலர் வெடுக்கென்று சொல்லிச் சண்டையை விலைக்கு வாங்கிக்கொள்வார்கள்.

வேலை செய்யும் இடத்தில் எப்படிப் பேசவேண்டும்? எப்படிக் கேட்கவேண்டும்? இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள் விமானிகள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

எரியாத விளக்கு

1978-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந் தேதி. அமெரிக்காவில் டென்வர் நகரில் இருந்து போர்ட்லண்டு நகருக்கு ஒரு ஜெட் விமானம் வந்துகொண்டு இருந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸ் கம்பெனியின் விமானம் அது. சிப்பந்திகளையும் சேர்த்து 189 பேர் அதில் இருந்தார்கள்.

இறங்கும் நேரம் வந்தது. சக்கரங்களைக் கீழே இறக்கினார்கள். "தடால்" என்று ஒரு சத்தம்! விமானம் ஒரு குலுக்குக் குலுங்கியது. சக்கரம் சரியாக இறங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை.

கேப்டன் உடனே தரை இறங்கவில்லை. வானத்திலேயே வட்டமிட்டபடி, கோளாறு என்ன என்று ஆராய்ந்தார். பயணிகளை ஆபத்துக்குத் தயார் செய்யும்படி சிப்பந்திகளிடம் கூறினார். அதற்கு வேண்டிய அவகாசமும் கொடுத்தார்.

அவர் நல்ல மனிதர். நீண்ட அனுபவம் உள்ளவர். பயணிகளின் உயிரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. ஆனால் அந்தக் கவலையே அவர் மனத்தைச் சக்கரத்தோடு கட்டிப்போட்டுவிட்டது.

விமானம் சுற்றியது, சுற்றியது, சுமார் ஒரு மணி நேரம் சுற்றியது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது.

கேப்டனுடன் துணை விமானியும், என்ஜினீயரும் இருந்தனர். இருவரும் எரிபொருள் அளவைப் பற்றிப் பேசாமல் இல்லை. "இன்னும் 15 நிமிஷம் சுற்றினால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும்" என்ற கருத்தில் என்ஜினீயர் சொன்னார். ஆனால் "இனித் தாமதிக்கக்கூடாது, உடனே இறங்கவேண்டும்" என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. சொன்னதும் கேப்டன் மனத்தில் பதியவில்லை.

"ஏன்?"

திடீரென்று ஒரு என்ஜின் அடங்கியது. துணை விமானி அதைச் சொன்னார்.

"ஏன்?" என்று கேட்டார் கேப்டன்.

எரிபொருள் தீர்ந்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது!

ஒன்றன்பின் ஒன்றாக மற்ற என்ஜின்களும் நின்றன. விமான நிலையத்துக்குச் சில மைல் தூரத்தில், மரங்கள் நிறைந்த இடத்தில் விமானம் விழுந்தது. 10 பேர் உயிர் இழந்தார்கள். அவர்களில் ஒருவர், எரிபொருளைப் பற்றிச் சொன்ன அந்த என்ஜினீயர்.

மற்றொரு விஷயம் பிறகுதான் தெரிந்தது. சக்கரங்கள் சரியாகவே இறங்கி இருந்தன!

விசாரணை நடந்தது. எரிபொருள் அளவைக் கேப்டன் கவனிக்கத் தவறியதே விபத்துக்கு முக்கிய காரணம் என்று முடிவாயிற்று. மற்ற இருவரும் ஆபத்தை முழுவதும் உணரவில்லை, அல்லது அதைக் கேப்டன் மனத்தில் படும்படி சொல்லவில்லை என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

இரண்டு பக்கமும் பாடம்

கீழே இருப்பவர்கள் தைரியமாகச் சொல்லவேண்டும். மேலே இருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்கவேண்டும். இந்த இரண்டுக்கும் பயிற்சி வேண்டும் என்று விசாரணை அதிகாரிகள் யோசனை கூறினார்கள். 1981-ம் ஆண்டில் அதே யுனைடெட் கம்பெனி தன் விமானிகளுக்கு அந்தப் பயிற்சியைத் தொடங்கியது. இன்று உலகம் எங்கும் விமானிகளுக்கு இந்தப் பயிற்சி உண்டு.

பலன் என்ன? அதையும் பாருங்கள்.

1989-ம் ஆண்டு ஜூலை மாதம் 19-ந் தேதி. அதே கம்பெனியின் மற்றொரு விமானம் டென்வரில் இருந்து சிகாகோவுக்குப் பறந்தது. அதில் 296 பேர் இருந்தனர். நடுவானில் வால்புற என்ஜின் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் கருவிகள் எல்லாம் செயல் இழந்தன.

கேப்டன் ஆல் ஹெயின்ஸ், "எனக்கு எல்லாம் தெரியும்" என்று இருந்துவிடவில்லை. பயணியாக வந்த டென்னி பிட்ச், விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். உதவி செய்ய முன்வந்த அவரைக் கேப்டன் உள்ளே வரவழைத்தார். மிஞ்சிய இரண்டு என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். நால்வரும் கலந்து பேசிப் பேசி, விமானத்தைச் சூ சிட்டி என்ற ஊரில் இறக்கினார்கள்.

தரையில் மோதி விமானம் உடைந்தது, தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். ஆனால் 184 பேர் பிழைத்தார்கள்!

அந்த நால்வரின் அனுபவத்தையும் கூட்டினால் 103 ஆண்டுகள் என்று ஹெயின்ஸ் பின்னாளில் கூறினார். "நான்தான் கேப்டன்" என்று அவர் வாயை மூடச் சொல்லி இருந்தால், அத்தனை அனுபவமும் வீணாகி இருக்கும் அல்லவா?

எப்படிச் சொல்வது?

விமானிகளுக்குச் சொல்லித் தரும் முறை ஒன்று உண்டு. அதில் ஐந்து படிகள்: முதலில், எதிரில் இருப்பவரை மரியாதையாக அழைக்கவேண்டும். உங்கள் கவலையைச் சொல்லவேண்டும். விஷயம் என்ன என்று விளக்கவேண்டும். ஒரு யோசனை கூறவேண்டும். கடைசியில் அவர் சம்மதத்தைக் கேட்கவேண்டும்.

இது நமக்கும் பொருந்தும். ஒரு லேத்துப் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு தப்பாக ஓடுகிறது. வேலை செய்யும் பையன் என்ன சொல்லலாம்?

"என்னமோ மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தால் யாருக்கும் புரியாது. "அளவுகூடத் தெரியாதா?" என்று கேட்டால் மேஸ்திரிக்குக் கோபம்தான் வரும்.

"அண்ணே, எனக்கு ஒரு கவலை. படத்தில் 40 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கு. நாம் 38-க்குக் கடைகிறோம். இப்படியே போனால் அத்தனையும் வீணாகிவிடும். கொஞ்சம் நிறுத்தி, ஒன்றை அளந்து பார்த்துவிடலாமா?"

இதில் மரியாதை இருக்கிறது. விஷயமும் இருக்கிறது. குற்றம் சாட்டும் பேச்சு இல்லை. முதல் தடவை காதில் ஏறாவிட்டால், மறுபடியும் சொல்லவேண்டும். இன்னும் தெளிவாகச் சொல்லவேண்டும்.

எப்படிக் கேட்பது?

மேஸ்திரிக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பையன் வாயைத் திறக்குமுன் எத்தனை தடவை எச்சில் விழுங்கி இருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். "நீ யாருடா எனக்குச் சொல்ல?" என்று ஒரு தடவை அதட்டினால் போதும். அடுத்த தடவை வீடே பற்றி எரிந்தாலும் அவன் சொல்லமாட்டான்.

"நல்லது தம்பி, பார்க்கலாம் வா" என்று சொல்லுங்கள். அவன் சொன்னது தவறாக இருந்தாலும் பரவாயில்லை. அளந்து பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

கீழே இருப்பவர், மேலே இருப்பவரின் கவலையை அறியவேண்டும். மேலே இருப்பவர், கீழே இருப்பவரின் பயத்தை அறியவேண்டும். அப்போது பேச்சுத் தானாக வரும்.

நாளைக்கு வேலைக்குப் போகிறீர்கள். சொல்லவேண்டும் என்று பல நாளாக உங்கள் மனத்தில் ஏதாவது கிடக்கிறதா? எரிபொருள் தீரும் வரை காத்திருக்காதீர்கள். மரியாதையாக, தெளிவாகச் சொல்லிவிடுங்கள்!