கண்ணாடியைத் தவிர்க்க அறுவை சிகிச்சை: யாருக்கு எது?

"மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். அதற்குள் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். எந்த லேசர் நல்லது?" நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பெற்றோர் இப்படிக் கேட்கிறார்கள். கண்ணாடி அணிவது ஒரு குறை என்று நாங்கள் நினைக்கவில்லை. ஆனாலும் சிகிச்சை செய்தே தீருவது என்று இருப்பவர்கள் விவரம் தெரிந்து செய்யட்டும் என்று இதை எழுதுகிறோம்.

எது நல்லது என்பதை விளம்பரமோ விலையோ சொல்லாது. கண்ணின் முன்பக்கத்தில் உள்ள கருவிழியின் தடிமனும் வடிவமும்தான் சொல்லும். அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். லேசர் இதைச் செதுக்கித்தான் பவரைச் சரிசெய்கிறது.

லேசிக் முறையில் கருவிழியின் மேல் ஏடு ஒன்றை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மறுபடி மூடிவிடுவார்கள். மறுநாளே பார்வை தெளியும். வலி குறைவு. ஆனால் கண் உலர்ச்சி சில மாதம் படுத்தலாம். பலமாக அடிபட்டால் ஏடு விலகவும் கூடும். பி.ஆர்.கே. முறையில் ஏடே கிடையாது. மேல்தோலை நீக்கிவிட்டு நேராகச் செதுக்குகிறார்கள். சில நாள் நல்ல வலி இருக்கும்; பார்வை முழுதாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியாக உள்ளிருந்து மெல்லிய வில்லை ஒன்றை உருவி எடுக்கிறார்கள். கண் உலர்ச்சி பெரும்பாலும் லேசிக்கை விடக் குறைவு. ஆனால் துளை சிறியது என்பதால் சதை மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பவர் மைனஸ் 7, கருவிழி 480 மைக்ரான். லேசிக் ஏட்டுக்கு 110 போகும். ஒரு பவருக்குச் சுமார் 15 வீதம் செதுக்கினால் 105 போகும். மிச்சம் 265. குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 300 வேண்டும் என்னும் மருத்துவர்களும் உண்டு. எல்லையில் நிற்கும் கண் இது. மிச்சம் போதாவிட்டால் கருவிழி நாளடைவில் பலமிழந்து பிதுங்கலாம். அப்புறம் கண்ணாடி போட்டாலும் பார்வை சரிவராது. இதே கண்ணுக்கு பி.ஆர்.கே. செய்தால், மேல்தோல் 50 போக 325 மிஞ்சும்.

இத்தகையவர்களுக்கு இன்னொரு வழி ஐ.சி.எல். கருவிழியைச் செதுக்காமல், கண்ணுக்குள் இயற்கை லென்சுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்சை வைப்பது. தேவைப்பட்டால் எடுத்தும்விடலாம். செலவு கூடுதல். கண்ணுக்குள் செய்வதால் தொற்று, கண் அழுத்தம், கண்புரை ஆகியவற்றுக்கும் சிறிது வாய்ப்புண்டு. உள்ளே இடம் போதுமா என்று அளந்த பிறகே வைப்பார்கள்.

18 வயது ஆகாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் மாறியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் காத்திருக்க வேண்டும். கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு லேசிக் ஆகாது. கண்ணை ஓயாமல் கசக்கும் பிள்ளைகளை இதற்காக அவசியம் சோதியுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் சோதனைக்கு எத்தனை நாள் முன்பே அதைக் கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அளவு தவறும்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, சுர்மாவும் கூடாது. ஒளு செய்வது எப்படி என்று மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி வேண்டிவரும். எந்த முறையில் செய்திருந்தாலும் இது பெரும்பாலும் நடப்பதுதான். அதிக மைனஸ் பவர் இருந்தவர்களுக்கு, கண்ணாடி போன பிறகும் விழித்திரை கிழியும் அபாயம் அப்படியேதான் இருக்கும். அவர்கள் ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும்.