விழுந்துவிடுவோமோ என்ற பயமே காலைக் கட்டிப்போடும்

குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் போதும், நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் நிறுத்துவது வெளியே போவதைத்தான். “மறுபடி விழுந்தா பிள்ளைங்களுக்குத்தானே சிரமம்” என்று நாற்காலியோடு ஒதுங்கிவிடுவார்கள். நாமும் “பேசாம உட்காருங்கம்மா” என்போம். ஆனால், நடக்காத கால் வலுவிழக்கும். வலுவிழந்த கால் மீண்டும் தடுமாறும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

இதைக் குறைக்க உடற்பயிற்சி உதவும். 2019ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 23,407 பேர் பங்கேற்ற 108 ஆய்வுகளை அலசியது. பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது 23 விழுக்காடு குறைந்திருந்தது. குறிப்பாக, சமநிலைப் பயிற்சிகள் நல்ல பலன் தந்தன. வெறும் நடைப்பயிற்சிக்கு அந்த அளவு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டத்தை வீட்டிலேயே செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பிடிமானத்துடன் குதிகாலை உயர்த்துவது, ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தை வைத்து நடப்பது போன்றவற்றை வாரம் மூன்று முறை செய்யவேண்டும். 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேரிடம் நடந்த ஆய்வுகளில், விழுவது 35 விழுக்காடு குறைந்தது.

தெம்பனிசில் வாடகை வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியோ, இந்த வயதிலும் துப்புரவு வேலைக்குப் போகும் தாத்தாவோ காசு கொடுத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகமாட்டார்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கென அக்கம்பக்கப் புளோக்குகளில் இருக்கும் துடிப்புடன் மூப்படைதல் நிலையங்கள்தான் அவர்களுக்குக் கைகொடுக்கும். குழுவாகச் செய்யும் உடற்பயிற்சிகள் அங்கு உண்டு.

ஆனாலும், “அங்க என்ன பேசுறாங்கன்னே புரியாதே” என்ற தயக்கம் நம் பெரியவர்களுக்கு இருக்கும். முதல் இரண்டு வாரம் பேரப்பிள்ளைகள் யாராவது கூடவே போங்கள். பயிற்சியைப் பார்த்தே செய்துவிடலாம். பழக்கமான முகம் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும். எதிர்வீட்டுப் பாட்டி தனியாக இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இந்த வார இறுதியில் ஒன்றைக் கவனியுங்கள்: அம்மாவால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? சிரமப்பட்டாலோ, தலைசுற்றல் இருந்தாலோ, ஏற்கெனவே விழுந்திருந்தாலோ, பயிற்சி தொடங்குமுன் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடும் மருந்துகளையும் மறக்காமல் எடுத்துச்சென்று காட்டுங்கள். சில தூக்க மாத்திரைகளும் ரத்த அழுத்த மருந்துகளும்கூடத் தடுமாற வைக்கும்.