கடல் கடந்த மறைப்பணியும் வீட்டுக் கடிதமும்

மறைப்பணி என்பது ஒரு சமயத்தின் போதனையையும், அதனோடு பெரும்பாலும் கல்வியையும் மருத்துவத்தையும், அச்சமயம் பரவாத நாடொன்றுக்குக் கொண்டு செல்லும் பணியைக் குறிக்கும். அப்பணிக்கெனப் புறப்பட்டவர்கள் எழுதிய கடிதங்கள் மொழியறிஞர்களுக்கும் வரலாற்றாசிரியர்களுக்கும் கருவூலமாக விளங்கி வருகின்றன என்றாலும், அவற்றில் இடம்பெற்ற பிறப்பு, இறப்பு, நோய், மணம், பணமுடை பற்றிய வரிகளைப் பெரும்பாலானோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். இது வருந்தத்தக்க இழப்பாகும். மறைப்பணியாளர் எழுதும் கடிதத்துக்கு எக்காலத்திலும் இரு வகை வாசகர்கள் இருந்துள்ளனர்: அவரை அனுப்பிவைத்த சபையினர் ஒரு வகை, அவரைப் பெற்று வளர்த்த வீட்டினர் மற்றொரு வகை. சபையினர் பணி எவ்வாறு நடக்கிறது என்று அறிய விரும்பினர். வீட்டினரோ ஆள் எவ்வாறு இருக்கிறார் என்று அறிய விரும்பினர். இவ்விரு தேவைகளையும் ஒரே தாளில் நிறைவேற்ற முயன்றபோதெல்லாம் வீட்டினரின் பங்கே குறைந்து போயிற்று என்பதைப் பல நூற்றாண்டுச் சான்றுகள் காட்டுகின்றன.

துறவு வாழ்வில் வீட்டுத் தொடர்பு ஓர் இடையூறாகக் கருதப்பட்ட மரபு மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் வகுத்த மடவிதிகளின் 54ஆம் இயல், மடத்தலைவரின் இசைவின்றித் துறவி எவரிடமிருந்தும், பெற்றோரிடமிருந்தும்கூட, கடிதமோ அன்பளிப்போ பெறலாகாது என்று விதிக்கிறது. மேலைத் திருச்சபையின் மடங்கள் பலவற்றுக்கு இவ்விதிநூலே அடிப்படையாக அமைந்தமையால், கடிதம் மேலாளரின் கையைக் கடந்தே துறவியை அடையும் வழக்கம் நெடுங்காலம் நிலைபெற்றது. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே அவ்வழக்கம் பல சபைகளில் தளர்ந்தது.

மடத்துக்குள் இருப்பவருக்கென வகுக்கப்பட்ட ஒழுங்கு கடல் கடந்து செல்பவருக்குப் போதுமானதாக இல்லை. இதனை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களுள் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் குறிப்பிடத்தக்கவர். 1542 டிசம்பரில் தம் தோழர் பியேர் ஃபாவ்ருக்கு எழுதிய கடிதத்தில், கடிதம் எழுதும் முறை பற்றியே அவர் விரிவாகப் பேசுகிறார். எவரிடமும் தயக்கமின்றிக் காட்டத்தக்க முதன்மைக் கடிதம் ஒன்றை ஒருமுறை எழுதி, திருத்தி, மீண்டும் படியெடுத்து அனுப்ப வேண்டும் என்றும், உடல்நிலை, சொந்த அலுவல் போன்ற ஏனைய செய்திகளைத் தனித்தாள்களில் எழுத வேண்டும் என்றும், அத்தனித்தாள்களில் உள்ளத்தில் எழுவதை எழுந்தவாறே எழுதலாம் என்றும் அவர் வகைப்படுத்தினார். அலுவல் ஒழுங்குக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே எனினும், மனிதருக்குப் பொது முகம் ஒன்றும் தனி முகம் ஒன்றும் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. பின்வந்த பல மிஷன் சங்கங்கள் இதனைப் பின்பற்றியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் வீண் துயரத்திலிருந்து தப்பியிருக்கும்.

அத்தகைய முதன்மைக் கடிதங்களுள் புகழ்பெற்ற ஒன்று தமிழ்க் கரையைப் பற்றியது. 1541 ஏப்ரலில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டு, மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்கி, 1542 மே மாதம் கோவாவை அடைந்த பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தாம் செய்த பணியை 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார்; மறுஆண்டே அக்கடிதம் பாரிசில் அச்சேறி ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது. ஊருக்காக எழுதப்பட்ட இக்கடிதத்தை மட்டும் படிப்பவருக்கு, அதை எழுதியவர் எவ்வளவு தனித்திருந்தார் என்பது தெரியவராது. 1546இல் மொலுக்கத் தீவுகளில் உள்ள அம்போனிலிருந்து தோழர்களுக்கு எழுதுகையில், அவர்களுடைய கடிதங்களிலிருந்து அவர்கள் தம் கையால் எழுதிய பெயர்களை வெட்டியெடுத்து, தம் துறவு வாக்குறுதியின் வாசகத்துடன் சேர்த்து எப்போதும் தம்மிடம் வைத்திருப்பதாக அவர் தெரிவித்தார். பெற்றோரை முன்பே இழந்திருந்த அவருக்குச் சபைத் தோழர்களே குடும்பமாக இருந்தமையால், அவர்களின் கையெழுத்து ஒன்றே அவரிடம் எஞ்சிய வீட்டுச் செய்தியாயிற்று.

கடிதம் செல்ல எடுத்துக்கொண்ட காலத்தையும் இங்கே கருத வேண்டும். லிஸ்பனிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை, பருவக்காற்றுக்கு ஏற்பப் புறப்படும் கப்பல் தொகுதியே இந்தியாவுக்கு அஞ்சல் கொணர்ந்தது. கோவாவுக்கும் அப்பால் மலாக்கா, மொலுக்கத் தீவுகள், ஜப்பான் எனச் செல்லச் செல்ல, ஒரு கேள்விக்கு விடை கிடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேலும் ஆகக்கூடும். சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கடற்கரையை ஒட்டிய சான்சியன் தீவில் காலமானார். அவரை ஐரோப்பாவுக்குத் திரும்பிவருமாறு பணித்து இஞ்ஞாசியார் எழுதிய கடிதம் 1553 ஜூன் 28 என்று நாளிடப்பட்டுள்ளது. சவேரியார் மறைந்து அப்போது அரையாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எழுதுபவரின் நிகழ்காலமும் படிப்பவரின் நிகழ்காலமும் ஒன்றாக இல்லாத இந்நிலையே, நீராவிக் கப்பலுக்கு முற்பட்ட மறைப்பணி வாழ்வின் அடிப்படை நிலையாகும்.

புராட்டஸ்டண்ட் மிஷன்கள் தோன்றியபோது, சபையினர் என்னும் வாசகர் கூட்டம் பன்மடங்கு பெருகிற்று. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளுட்சோ ஆகியோரின் கடிதங்களும் பின்வந்தோரின் கடிதங்களும் ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் 1772 வரை தொடர் வெளியீடாக அச்சிடப்பட்டன. மன்னர்களின் கொடையோடு பொதுமக்களின் நன்கொடையாலும் நடந்த மிஷன் அதுவாதலின், பணம் கொடுத்தவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தது. ஹாலேயில் இருந்த தலைவரான ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே, வெளியிடத் தகாதவை என்று தாம் கருதியவற்றை நீக்கிய பின்னரே கடிதங்களை அச்சுக்குக் கொடுத்தார். தம் எழுத்து வெட்டப்பட்டு ஆயிரவர் கைக்குச் செல்லும் என்று அறிந்தவர், மனச்சோர்வையும் மனக்கசப்பையும் அந்தத் தாளில் எழுத எளிதில் துணியமாட்டார்.

இந்நெருக்கடியின் கடுமையை வில்லியம் கேரியின் குடும்பத்தில் காணலாம். 1793 ஜூனில் மனைவி டாரத்தியுடனும் பிள்ளைகளுடனும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு நவம்பரில் கல்கத்தாவை அடைந்த கேரி, மறுஆண்டே வங்காளத்து நோய்க்கு ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தார். அதன் பின்னர் டாரத்தியின் மனநிலை பெரிதும் குலைந்தது. கேரியை அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் 1794 முதல் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டுவந்த நிலையில், மனைவியின் நோயை அவர் இங்கிலாந்தில் எவருக்கும் தெரிவிக்கவில்லை. 1795 அக்டோபரில் தம் சகோதரிகளுக்கு எழுதிய தனிக் கடிதத்தில்தான், அதுவரை தாய்நாட்டில் யாரிடமும் சொல்லாத துன்பம் என்ற முன்னுரையோடு அதனை வெளிப்படுத்தினார். பல மொழிகளில் விவிலியத்தை வெளிக்கொணர்ந்த பெருமைக்குரியவராகக் கேரியைப் போற்றும் நூல்கள் பல உள்ளன. 1807இல் இறக்கும் வரை, மொழியும் உறவும் அற்ற நாட்டில் தன் அறிவோடு தானே போராடிய டாரத்திக்கு அவற்றில் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. அந்தத் தனிக் கடிதம் எழுதப்படாமல் போயிருந்தால் அச்சிறு இடமும் அவருக்குக் கிடைத்திருக்காது.

பர்மாவில் பணியாற்றிய அமெரிக்கர் அடோனிராம் ஜட்சனின் வாழ்க்கை, செய்தி வராமையும் செய்தி வருவதும் எவ்வாறு சம அளவில் துயரமாகும் என்பதைக் காட்டுகிறது. இந்தியாவில் தங்க இசைவு கிடைக்காமல் 1813இல் சென்னை வழியாக ரங்கூனுக்குக் கப்பலேறியவர் அவர். 1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டதும் ஆவா நகரில் சிறையிடப்பட்டார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவரைப் பற்றியோ அவர் மனைவி ஆனைப் பற்றியோ அமெரிக்காவிலிருந்த உறவினருக்குத் தெளிவான செய்தி எட்டவில்லை. விடுதலைக்குப் பின் 1826 மே மாதம் ஆன், கணவரின் சகோதரருக்கு எல்லாவற்றையும் விவரித்து நீண்ட கடிதம் எழுதினார். சிறையின் கொடுமையையும், கைக்குழந்தையுடன் தாம் அதிகாரிகளின் வாசல்தோறும் அலைந்ததையும் கூறும் அக்கடிதம், குடும்பத்துக்கென எழுதப்பட்டதாயினும் பின்னர் அச்சாகி அமெரிக்காவெங்கும் பரவிற்று. சபைக்கு எழுதும் அறிக்கைகளில் காண அரிதான நேர்மை அதில் இருப்பதற்கு, அது மைத்துனருக்கு எழுதப்பட்டமையே காரணம் எனலாம்.

அதே ஆண்டின் அக்டோபர் 24 அன்று, ஜட்சன் பிரித்தானியத் தூதுக்குழுவுடன் ஆவாவில் இருந்த காலத்தில், ஆம்ஹர்ஸ்டில் ஆன் இறந்தார். சாவுச் செய்திக்கு அடையாளமான கருப்பு முத்திரையிட்ட கடிதம் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து ஜட்சனிடம் வந்தபோது, அதைக் கொடுத்தவர், இறந்தது குழந்தை என்று தவறாகக் கூறியிருந்தார். அவ்வாறே எண்ணிக் கடிதத்தைப் பிரித்தவர் மனைவியின் மறைவைப் படிக்க நேர்ந்தது. குழந்தை மரியாவும் அடுத்த ஏப்ரலில் இறந்தது. 1850இல் ஜட்சன் கடற்பயணத்தில் இறந்து வங்கக் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டபோது, பர்மாவின் மூல்மீனில் இருந்த, அவர் பின்னர் மணந்த மனைவி எமிலி அதனை அறிய ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின.

பிள்ளைகளின் நிலை தனியே கருதத்தக்கது. வெப்ப நாட்டு நோய்களுக்கு அஞ்சியும் கல்வியை முன்னிட்டும், மறைப்பணியாளர்கள் தம் சிறு பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவைத்தனர். யாழ்ப்பாணத்திலிருந்த அமெரிக்க மிஷன் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. மறைப்பணியாளரின் பெண்மக்களுக்கென 1838இலும் ஆண்மக்களுக்கென 1842இலும் லண்டனை ஒட்டிய வால்தம்ஸ்டோவில் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஆறேழு வயதில் பிரிந்த குழந்தை தாயைக் கடிதத்தின் வழியாகவே அறிந்து வளர்ந்தது. தாய்க்கோ, கடிதத்தில் கையெழுத்து ஆண்டுதோறும் திருந்திவருவதே பிள்ளை வளர்கிறது என்பதற்குச் சான்றாயிற்று. அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1901இல் கொடைக்கானலில் தம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்றைத் தொடங்கியதன் பெரும் பயன், பிரிவின் தொலைவு கடல் அளவிலிருந்து ஒரு மலைப்பயண அளவுக்குச் சுருங்கியது என்பதே. மிஷன் வரலாற்றில் இப்பள்ளிக்கு உரிய இடம் இன்னும் போதிய அளவு வழங்கப்படவில்லை.

விரைவு கூடியதால் மட்டும் பிரிவு தீர்ந்துவிடவில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1870இல் கடலடித் தந்தி பம்பாயை எட்டியது. மாதங்கள் எடுத்த செய்தி நாள்களில் வந்துசேரத் தொடங்கிற்று. ஆயினும், அரசியல் எல்லையைத் தந்தியும் விமானமும் கடக்க இயலாமல் போன நிலையை அன்னை தெரசாவின் வாழ்வு உணர்த்துகிறது. 1928இல் பதினெட்டு வயதில் ஸ்கோப்யே நகரை விட்டுப் புறப்பட்ட அவர், தம் தாய் திரானாஃபிலேயை அதன் பின்னர் ஒருபோதும் காணவில்லை. தாயும் தமக்கையும் அல்பேனியாவின் தலைநகர் திரானாவில் குடியேறியிருக்க, என்வர் ஹோஜாவின் ஆட்சி அந்நாட்டை வெளியுலகிலிருந்து அடைத்தது. அவர்களை வெளியே அழைத்துவர மகள் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. 1972இல் தாயும், அடுத்த ஆண்டு தமக்கையும் இறந்தனர். 1989இல்தான் அவர்களின் கல்லறைகளைக் காண அன்னை தெரசாவுக்கு வழி பிறந்தது. உலகத் தலைவர்கள் வரவேற்ற ஒருவராலும் தாயின் நோய்ப்படுக்கைக்கு அருகே செல்ல முடியவில்லை.

இக்காலத்தில் இக்கேள்வியை மிக வெளிப்படையாகக் கையாண்ட அமைப்பாக, மார்மன் சபை எனப் பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சுட்டலாம். அச்சபையின் இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் ஒன்றரை ஆண்டும், தாம் தேர்ந்தெடுக்காத, சபை குறிக்கும் ஊரில் பணியாற்றுகின்றனர். வாரம் ஒரு மின்னஞ்சல் எழுதவும், கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டும் தொலைபேசவும் அவர்களுக்கு நெடுங்காலம் இசைவு இருந்தது. 2019 பிப்ரவரி 15 அன்று அவ்விதி மாற்றப்பட்டு, துணி துவைத்தல், பொருள் வாங்குதல் முதலியவற்றுக்கென ஒதுக்கப்பட்ட வாராந்தர ஆயத்த நாளில் வீட்டாருடன் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசலாம் என்று அறிவிக்கப்பட்டது. அடிக்கடி பேசினால் மனம் வீட்டையே சுற்றும் என்ற பழைய அச்சம் முற்றிலும் பொய்யன்று; எனினும் பதினெட்டு வயதினர் ஒருவரின் குரலைப் பெற்றோர் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே கேட்கலாம் என்ற விதியைக் காட்டிலும், பேசும் அளவை அவர்களிடமே விடுகின்ற விதி மனிதத்தன்மை மிக்கது.

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இத்தாலி, ஜெர்மனி, ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றுக்குப் பணியாற்றச் சென்றுள்ள அருட்சகோதரிகளும் குருக்களும் இன்று கைப்பேசியின் வழியே வீட்டாரின் முகத்தைக் கண்டு பேசுகின்றனர். தந்தையின் அடக்கத்தைச் சிறு திரையில் கண்டு, மறுநாள் காலை மருத்துவமனைப் பணிக்குச் செல்ல வேண்டிய நிலை அவர்களுக்கும் நேர்கிறது. செய்தி தாமதமாக வந்த காலத்தில், துக்கம் வந்தடையும்போது அடக்கமும் சடங்குகளும் முடிந்திருந்தன; இப்போதோ போக இயலாத இடத்தில் நடப்பதை நடக்கும்போதே பார்க்க வேண்டியிருக்கிறது. இது எளிதான மாற்றம் என்று கூறுவதற்கில்லை.

இதனோடு மூன்றாவது வாசகர் கூட்டம் ஒன்றும் இப்போது சேர்ந்துள்ளது. சீகன்பால்கு தரங்கம்பாடி மக்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதியதை அம்மக்களில் மிகப் பெரும்பாலோருக்குப் படிக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. இன்று மறைப்பணியாளர் வீட்டாருக்கென எழுதி, உறவினர் வழியே பரவிய செய்தியையும் நிழற்படத்தையும், அவர் பணியாற்றும் ஊரின் மக்கள் சில மணி நேரத்திலேயே கண்டுவிடக்கூடும். நோயுற்ற அண்டைவீட்டாரின் பெயர், சமயம் மாற எண்ணும் ஒருவரின் மனக்குழப்பம், ஊராரின் வறுமை ஆகியவை வீட்டுச் செய்தியோடு கலந்து வெளியேறும்போது, துன்பத்துக்கு உள்ளாவது எழுதியவரல்லர், எழுதப்பட்டவரே. சமயக் கட்டுப்பாடு மிகுந்த நாடுகளில் அத்துன்பம் சிறைத் தண்டனை வரை செல்லலாம். ஆகவே இஞ்ஞாசியார் 1542இல் பரிந்துரைத்த தனித்தாளை இன்றைய மறைப்பணியாளர் தம் தாய்க்கு எழுதும்போது, தம் உடல்நிலையையும் மனநிலையையும் மறைக்காமல் எழுதவும், அண்டைவீட்டாரின் பெயரை மட்டும் எழுதாமல் விடவும் கற்க வேண்டியிருக்கிறது.