உங்களுக்குத் தெரியுமா? அபராதக் காசில் எழுந்த சிலைகள்

கி.மு. 388. ஒலிம்பியாவில் குத்துச்சண்டை. தெசலியைச் சேர்ந்த யூபோலஸ், தன்னோடு மோதவிருந்த மூன்று பேருக்குப் பணம் கொடுத்து வளைத்துப் போட்டார். அந்த மூவரில் ஒருவர், முந்தைய ஒலிம்பிக்கில் வென்ற ஃபோர்மியோன்! விஷயம் வெளியே வந்ததும் கொடுத்தவர், வாங்கியவர் என நால்வருக்கும் அபராதம்.

அந்தப் பணத்தில் ஜீயஸ் கடவுளுக்கு ஆறு வெண்கலச் சிலைகள் வார்த்து, மைதானத்துக்குப் போகும் வழியில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பெயர் 'ஸானெஸ்'. ஜெயிக்கக் காசு உதவாது, கால் வேகமும் உடல் வலுவும்தான் வேண்டும் என்ற பொருளில் ஒரு பீடத்தில் பாட்டும் பொறித்தார்கள். போட்டிக்குப் போகிறவர் அதைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டும்.

மிரட்டல் முழுதாகப் பலிக்கவில்லை. கி.மு. 332-ல் ஏதென்ஸ் வீரர் காலிப்பஸ், ஐந்து விளையாட்டுகள் கொண்ட பென்டத்லானில் அதே வேலையைச் செய்தார். இதில் கூத்து என்னவென்றால், ஏதென்ஸ் நகரமே அவருக்காக வரிந்துகட்டியது. பேச்சாளர் ஹைப்பரைடிஸை அனுப்பி அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டது. மறுத்ததும் போட்டியையே புறக்கணித்தது. கடைசியில், பணத்தைக் கட்டும்வரை குறி சொல்ல முடியாது என்று டெல்ஃபி கோயில் கைவிரித்த பிறகே வழிக்கு வந்தது. மேலும் ஆறு சிலைகள்!

எதிராளிகளுக்குப் பயந்து போட்டிக்கு முந்தைய நாளே ஓடிப்போன அலெக்சாந்திரியா வீரர் சராபியோனுக்கும் கி.பி. 25-ல் அபராதம் போட்டார்கள். கோழைத்தனத்துக்காகத் தண்டம் கட்டியவர் அவர் ஒருவரே என்கிறார் பயண எழுத்தாளர் பௌசானியஸ்.

வெண்கலச் சிலைகள் போய்விட்டன. மைதான வாசலருகே 16 கல் பீடங்கள் இன்றும் இருக்கின்றன.